கழற்றிய கியர்பாக்ஸ் வாங்கும் கலை: சித்தூர்ப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு

புத்தலப்பட்டில் பட்டறை வைத்திருப்பவருக்குக் கிளட்ச் வேலை வருடம் முழுக்க உண்டு. கடப்பாவிலிருந்து பீலேர் வழியாக வரும் சாலையும் திருப்பதிச் சாலையும் இங்கேதான் சேர்ந்து சித்தூருக்குப் போகின்றன. கிரானைட் லாரிகள், காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற வேன்கள், பெங்களூருக்குப் போகும் வழியில் மொகிலி கணவாய் ஏறவேண்டிய சரக்கு வண்டிகள் எல்லாம் இந்தச் சந்திப்பைத் தொட்டுத்தான் போகும். மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலை வாசலில் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். ஓரடி நகர்ந்து நின்று மறுபடி ஓரடி நகரும் அந்த வரிசையில் ஓட்டுநரின் கால் கிளட்சை விட்டு எழுவதே இல்லை. பருவம் முடிந்ததும் அந்த டிராக்டர்கள் பட்டறைக்கு வருகின்றன.

வருகிறவர் கையில் பணம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2025இல் தோத்தாபுரி விலை விழுந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கணக்குப் போட்டு 12 ரூபாய்க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் புதிய கியர்பாக்ஸ் போடச் சொன்னால் விவசாயி வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் போவார். “பழசு ஒண்ணு பார்த்துப் போடுங்கண்ணா” என்பார். அந்தப் பழசைச் சரியாகப் பார்த்து வாங்கத் தெரிவது தனித் தொழில்திறன். நல்ல ஃபிட்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்லதாகப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் குறைவு. இளைஞர்கள் இதைக் கற்றுக்கொண்டால் எந்தப் பட்டறையிலும் இடம் கிடைக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்பாகவும் அலுமினியமாகவும் இருக்கும் கனமான பாகங்களைப் பழையதில் வாங்கலாம்: கியர்பாக்ஸ் ஹவுசிங், பெல் ஹவுசிங், ஷாஃப்ட், பார்த்துத் தேர்ந்த கியர்கள், ஃபோர்க், ஃபிளாஞ்ச். உராய்ந்து தேய்வதற்காகவே செய்யப்பட்டவற்றைப் பழையதில் வாங்கவே கூடாது: கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், ஆயில் சீல், சிங்க்ரோனைசர் ரிங். எண் அழிக்கப்பட்ட எதையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

ஏன் கிளட்ச் பிளேட் புதிது?

கூலிக் கணக்குத்தான் காரணம். கிளட்ச் பிளேட்டை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். லாரி கியர்பாக்ஸ் நூறு கிலோவைத் தாண்டும். இறக்கி ஏற்ற ஜாக்கி, இரண்டு ஆள், ஒரு நாள். டிராக்டர் என்றால் வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். பழைய பிளேட்டில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக அந்தக் கூலியை இன்னொரு முறை பணயம் வைப்பது அர்த்தமில்லாத வேலை. ரிலீஸ் பேரிங்கும் அப்படித்தான். கையில் சுற்றிப் பார்க்கும்போது சத்தமில்லாமல் இருக்கும் பேரிங், பிரஷர் பிளேட்டின் பாரம் ஏறியதும் கத்தத் தொடங்கும்.

பிரஷர் பிளேட்டும் ஃப்ளைவீலும் பழையதில் வாங்கலாம், கூடாது என்ற இரண்டுக்கும் நடுவே வருபவை. பிரஷர் பிளேட்டில் உராயும் முகத்தில் நீலத் திட்டு இருந்தாலோ, முடிபோன்ற வெடிப்புகள் ஓடினாலோ, டயாஃப்ரம் விரல்கள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டாலோ அதைத் தொட வேண்டாம். ஃப்ளைவீல் வாங்கலாம், லேத்தில் முகம் எடுக்க எவ்வளவு கனம் மீதி இருக்கிறது என்று வெர்னியரில் அளந்துவிட்டு வாங்குங்கள். ரிங் கியர் பல் போயிருந்தால் பயப்பட வேண்டாம்; சூடாக்கி வேறு ரிங் இறக்கிவிடலாம். புதிய டீசல் கார்கள் சிலவற்றில் இரண்டு துண்டாக, நடுவில் ஸ்பிரிங் வைத்த ஃப்ளைவீல் வருகிறது. அதைப் பழையதில் வாங்கவே வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று கடைவாசலில் நின்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கே போவது

புத்தலப்பட்டின் நல்வாய்ப்பு, மூன்று திசையிலும் சந்தை இருக்கிறது. கிழக்கே சென்னை புதுப்பேட்டை. எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கூவம் கரையை ஒட்டிய அந்தத் தெருக்களில் கார், வேன் பாகங்களுக்குத்தான் முதல் தேர்வு. மேற்கே பெங்களூர் சிவாஜி நகர்ப் பக்கம். வடக்கே விஜயவாடா ஆட்டோ நகர், லாரி வேலைக்குப் பெரிய இடம். கனரக வண்டிப் பாகங்களுக்கு நாமக்கல், சங்ககிரி வரை போகிறவர்களும் உண்டு. அவசரத்துக்குத் திருப்பதி ஆட்டோ நகர், வேலூர்.

சித்தூர்ப் பையன்களுக்கு இதில் யாருக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 1911இல் தனி மாவட்டமாகும் வரை இந்த ஊர் வட ஆற்காட்டில் இருந்தது. இன்றும் வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என்று வளர்கிறவர்கள் இங்கே ஏராளம். விஜயவாடாவில் தெலுங்கில் விலை பேசிவிட்டு, மறுவாரம் புதுப்பேட்டையில் “பாய், மூடியைக் கழற்றிக் காட்டுங்க” என்று தமிழில் கேட்க முடிகிறவர் எந்தக் கொள்முதல் வேலைக்கும் தகுதியானவர். இதை உங்கள் வேலை விண்ணப்பத்தில் எழுதுங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை. “இது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டி ஏன் கழிந்தது?” என்பதைக் கேளுங்கள். பக்கவாட்டில் அடிபட்டோ கவிழ்ந்தோ கழிந்த வண்டி நல்லது. விபத்து நடந்த அன்று வரை அது ஓடிக்கொண்டிருந்தது. நேருக்கு நேர் மோதிய வண்டியில் பெல் ஹவுசிங்கும் இன்புட் ஷாஃப்டும் சந்தேகத்துக்குரியவை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஏலத்தில் விடும் பேருந்துகள் நிறைய ஓடியவைதான், ஆனால் டெப்போவில் முறையாகப் பிரித்துப் பராமரிக்கப்பட்டவை. எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை அதிகம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி வேண்டவே வேண்டாம். சென்னையில் 2015 டிசம்பர், 2023 டிசம்பர். நமக்குப் பக்கத்தில் 2021 நவம்பரில் திருப்பதி, சுவர்ணமுகி கரை. இப்படி மூழ்கிய வண்டிகளின் பாகங்கள் பல ஆண்டுகள் கடைகளில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஆயிலை மாற்றியிருந்தாலும், பேரிங் உருளைகளில் சம இடைவெளியில் துருக்கோடுகள் நின்றிருக்கும். அதை யாராலும் மறைக்க முடியாது.

மூடியைத் திறந்த பிறகு

பளபளவென்று பெயிண்ட் அடித்த கியர்பாக்ஸை விட ஆயிலும் மண்ணும் ஒட்டியதை முதலில் பாருங்கள். பெயிண்ட் கசிவையும் வெடிப்பையும் மூடிவிடும். மண் ஒட்டியதில் எங்கே ஈரம், எங்கே காய்ந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: டார்ச், காந்தம், வெர்னியர், ஃபீலர் கேஜ், சாக்பீஸ், சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய், பழைய துணி. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் போடப்போகும் அதே அளவு கிளட்ச் பிளேட் ஒன்று. அந்தப் பிளேட்டை இன்புட் ஷாஃப்ட்டின் ஸ்பிளைனில் ஏற்றிப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிப் போகவேண்டும்; பக்கவாட்டில் ஆடக்கூடாது. பிறகு ஸ்பிளைனின் மேல் நகத்தை வைத்து இழுங்கள். பழைய பிளேட் உட்கார்ந்த இடத்தில் படி விழுந்திருந்தால் நகம் தட்டும். அந்தப் படியில் புதுப் பிளேட் மாட்டிக்கொள்ளும். பெடலை மிதித்தாலும் கிளட்ச் முழுதாக விடாது, கியர் விழும்போது கறகறவென்று அரைக்கும். வண்டிக்காரர் உங்களிடம்தான் திரும்பி வருவார், கடைக்காரரிடம் போகமாட்டார்.

ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். லேசான ஆட்டம் இயல்பு. டக் டக் என்று அடித்தால் முன் பேரிங் போய்விட்டது. பேரிங் மாற்றக்கூடியதுதான், ஆனால் அது கெட்டபின் எவ்வளவு நாள் ஓட்டினார்கள் என்பது கியர் பல்லில் தெரியும்.

வடிகால் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் மறுத்தால் அந்தக் கடையை விட்டு நகருங்கள், அதற்கு மேல் பேச்சே வேண்டாம். காந்தத்தில் சாம்பல்நிறக் குழம்பாக ஒட்டினால் அது சாதாரணத் தேய்மானம். விரலில் உறுத்தும் துகள், பிறைபோல் வளைந்த துண்டு வந்தால் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது. பித்தளை நிறத் தூள் மின்னினால் சிங்க்ரோனைசர் ரிங் அரைபட்டிருக்கிறது. ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தாலும் எச்சரிக்கை: சத்தத்தை அமுக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவது இந்தத் தொழிலின் பழைய தந்திரம்.

மேல்மூடி திறந்ததும் எல்லோரும் பெரிய பற்களைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் கியரின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பற்களைப் பாருங்கள்; சிங்க்ரோனைசர் ஸ்லீவ் வந்து பூட்டிக்கொள்ளும் இடம் அதுதான். அவை கூராக இருந்தால் கியர் நிற்கும். முனை மழுங்கி உருண்டிருந்தால், இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக நியூட்ரலுக்குத் தாவும். பாரம் ஏற்றிக்கொண்டு மொகிலியில் இறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்து ஓட்டுநர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெரிய பற்களின் நடுவில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் மேல்தோல் உரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒன்றிரண்டு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், வரிசையாக இருந்தால் விட்டுவிடுங்கள். நீலம் பாய்ந்த பல் சூட்டில் உறுதியை இழந்தது.

ஹவுசிங் வெடிப்புக்கு ஒரு பழைய சோதனை உண்டு, இன்றும் இதைவிட எளிது வேறில்லை. போல்ட் காதுகளைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவிச் சில நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேயுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் வெளியே ஊறி, வெள்ளையில் இருட்டுக் கோடாகத் தெரியும். அலுமினியம் வெல்டு செய்த காது தெரிந்தால் நான் வாங்கமாட்டேன். நன்றாக வெல்டு செய்ததாகவே இருக்கட்டும். துளை மையம் நூலிழை மாறியிருந்தாலும் புதுக் கிளட்ச் சீக்கிரம் தின்னப்படும்.

பார்க்க ஒன்றுபோல் இருப்பவை

ஒரே வெளித்தோற்றமுள்ள கியர்பாக்ஸ் பேருந்தில் ஒரு விகிதத்திலும் லாரியில் வேறு விகிதத்திலும் வரும். ஆகவே பழையதை இறக்கியதும் அதன் பெயர்த்தகட்டைப் படம் எடுங்கள், ஸ்பிளைன் எண்ணிக்கையை எழுதுங்கள், இன்புட் ஷாஃப்ட் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கிளட்ச் விட்டத்தையும் குறியுங்கள். லாரிகளில் 330, 352, 380 மில்லிமீட்டர் என்று பல அளவுகள் ஓடுகின்றன. கடையில் முதல் கியரைப் போட்டு இன்புட் ஷாஃப்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றி, பின்பக்க ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறது என்று சாக்பீஸ் குறி வைத்து எண்ணுங்கள். உங்கள் பழைய பாக்ஸிலும் அதே கணக்கு வரவேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு வந்த வண்டிகளில் வேக உணரி, ரிவர்ஸ் ஸ்விட்ச் ஆகியவற்றின் செருகிகள் மாறியிருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். கிரவுன், பினியன் வாங்கினால் ஜோடியாக மட்டும் வாங்குங்கள்: இரண்டிலும் பொறித்திருக்கும் ஜோடி எண் ஒன்றாக இருக்கவேண்டும். வேறு வேறு ஜோடியைச் சேர்த்தால் எவ்வளவு ஷிம் வைத்தாலும் ஊளைச் சத்தம் போகாது.

பழைய கியர்பாக்ஸைக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பார். வாங்கியது வண்டியில் ஏறி ஓடிப் பார்க்கும் வரை கொடுக்காதீர்கள். மேல்மூடி, லீவர், ஸ்பீடோமீட்டர் பினியன், ஃபிளாஞ்ச் இவையெல்லாம் உங்கள் வண்டியுடையதே உங்கள் வண்டிக்குச் சரியாக உட்காரும்.

காகிதம்

மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை வட இந்தியாவில் பழைய பாகங்களுக்குப் பேர் பெற்றது. திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்றதாக வழக்குகள் குவிந்து, 2021 டிசம்பரில் அந்தக் கடைகள் மூடப்பட்டன. திருடியவர்களோடு நேர்மையாகப் பிழைத்த வியாபாரிகளும் பிழைப்பை இழந்தார்கள். வாங்குகிறவர்கள் பில் கேட்காத சந்தைக்கு நேரும் கதி அதுதான்.

பாரதிய நியாய சன்ஹிதையின் 317ஆம் பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. “நம்பக் காரணம் இருந்தோ” என்ற சொற்களைக் கவனியுங்கள். அழித்த எண், சந்தை விலையில் கால்பங்கு, பில் இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. பில்லில் பாகத்தின் எண்ணும், அது வந்த வண்டியின் பதிவெண், சேசிஸ் எண்ணும் இருக்கவேண்டும். அந்த வண்டி களவு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் சேவையில் பார்க்கலாம். 2021 செப்டம்பரில் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. அங்கே வாங்கினால் காகிதக் கவலை குறைவு.

டிராக்டர் வேலை பார்ப்பவர்கள் இதை மிகவும் கவனமாகப் படிக்கவேண்டும். டிராக்டருக்கு லாரிபோல் தனிச் சேசிஸ் சட்டகம் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் ஹவுசிங் ஒன்றோடொன்று போல்ட் போட்டுச் சேர்ந்ததே அதன் உடம்பு. அதனால் பல டிராக்டர்களில் சேசிஸ் எண் அந்த ஹவுசிங் மேலேயே அடிக்கப்பட்டிருக்கும். பழைய ஹவுசிங் வாங்கிப் பொருத்தினால் விவசாயியின் டிராக்டரில் வேறொருவர் டிராக்டரின் எண் வந்து உட்கார்ந்துவிடும். ஆர்டிஓ அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் கியர்களையும் ஷாஃப்டையும் மட்டும் பழையதில் எடுத்து, அவருடைய ஹவுசிங்கிலேயே கட்டிக்கொடுப்பதுதான் பத்திரம். பைக்குகளிலும் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூடு. அந்தக் கூட்டில்தான் எஞ்சின் எண் இருக்கிறது.

சென்னையிலிருந்து ஆந்திராவுக்குச் சரக்கு வரும்போது மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். பெரிய லாரி கியர்பாக்ஸோடு இன்னும் இரண்டு பாகம் சேர்ந்தால் அந்த வரம்பு எளிதில் வந்துவிடும்.

விலை பேசுதல்

பாகத்தின் விலை, ஏற்றுகூலி, லாரி வாடகை, புதிய கிளட்ச் செட், சீல், பேரிங், ஆயில், இறக்கி ஏற்றும் கூலி. இத்தனையையும் கூட்டிய பிறகே புதியதன் விலையோடு ஒப்பிடுங்கள். இந்தக் கூட்டல் புதியதன் செலவில் பாதியைத் தாண்டினால், புதியதையோ, உத்தரவாதத்தோடு ரீகண்டிஷன் செய்ததையோ போடச் சொல்வேன்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18க்கு வந்தது. டிராக்டரின் கிளட்ச், கியர்பாக்ஸ் பாகங்களுக்கு 18லிருந்து 5 சதவீதமானது. பழைய பாகக் கடைகளில் பலர் இன்னும் அதற்கு முந்தைய புது விலையை மனத்தில் வைத்துத்தான் பேரம் பேசுகிறார்கள். போகுமுன் இன்றைய புது விலையை ஏஜென்சியில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். டிராக்டர் கிளட்சைப் பொறுத்தவரை, பழையதைத் தேடி அலைவதற்கான காரணமே பெரும்பாலும் போய்விட்டது என்பது என் எண்ணம்.

பொருத்திப் பார்த்துத் திருப்பித் தரத் தவணை கேளுங்கள். அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வண்டிக்காரரிடமும் மறைக்காதீர்கள். “அண்ணா, கியர்பாக்ஸ் பழசு, கிளட்ச் செட் புதுசு, இந்தா பில்” என்று மூன்றையும் முன்னால் வைத்துவிட்டால், பிற்பாடு சின்னச் சத்தம் வந்தாலும் சண்டையாக வராது.

இந்த வேலைக்கு வருகிறவருக்கு

ஐடிஐயில் டீசல் மெக்கானிக் ஓராண்டுப் படிப்பு, மோட்டார் வாகன மெக்கானிக் இரண்டாண்டு. இந்தத் துறைக்கு இரண்டாண்டுப் படிப்பையே எடுங்கள். முடித்ததும் பெரிய ஷோரூமில் சேர்வதைவிட, கியர்பாக்ஸ் மட்டும் பிரித்துக் கட்டும் ரீகண்டிஷன் பட்டறையில் ஓராண்டு இருங்கள். ஷோரூமில் பழுதான அசெம்பிளியைக் கழற்றிப் புதிதைப் போடுவதே பெரும்பாலான வேலை. உடைந்தது ஏன் உடைந்தது என்று பார்க்கும் வாய்ப்பு ரீகண்டிஷன் பட்டறையில்தான் கிடைக்கும். பிறகு ஃப்ளீட் வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளில் கொள்முதல், உதிரிபாகக் கடை, பதிவு பெற்ற உடைப்பு நிலையம் என்று வழிகள் திறக்கும். சொந்தமாகத் தொடங்க முத்ரா கடன் உண்டு. 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. அதில் முதல் செலவு நல்ல கியர்பாக்ஸ் ஜாக்கியாக இருக்கட்டும். கல்லை அடுக்கி வைத்துக் கியர்பாக்ஸ் இறக்கும் பட்டறையில் யாரும் வேலைக்குச் சேராதீர்கள்.

தூசியையும் மறக்கவேண்டாம். பழைய கிளட்ச் பிளேட்டுகளின் உராய்வுப் பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. அது நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்து நோயாக வரும். பெல் ஹவுசிங்கை ஏர் பிடித்து ஊதுவது நம் பட்டறைகளில் தினமும் நடக்கிறது. அதை இன்றே நிறுத்துங்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஊதும் வேலை எப்போதும் வயதில் சின்னப் பையன் தலையில்தான் விழுகிறது என்பது இன்னும் கொடுமை.

பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதுப்பேட்டைக்கோ விஜயவாடாவுக்கோ பாகம் வாங்கப் போகும்போது உங்கள் உதவியாளனையும் கூட்டிக்கொண்டு போங்கள். காந்தத்தையும் சாக்பீஸையும் அவன் கையில் கொடுங்கள். அவன் பயணச் செலவைப் பட்டறைக் கணக்கில் எழுதுங்கள்.